‘ஜேகோ’ ஸ்பெயினிலிருந்து வந்த பெயர் அல்ல

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலில் ‘ஜேகோ’ என்றொரு குடும்பப் பெயர் உண்டு. 1588-இல் இங்கிலாந்தைப் பிடிக்க ஸ்பெயின் அனுப்பிய ‘ஆர்மடா’ என்ற போர்க்கப்பல் படை உடைந்து கரையேறிய மாலுமிகளின் வாரிசுகள்தான் இவர்கள், ‘சாந்தியாகோ’ என்ற ஸ்பானியப் பெயர்தான் தேய்ந்து ஜேகோ ஆனது என்று ஒரு கதை சுற்றுகிறது. தவறு.

அந்த ஜூலையில் கார்ன்வாலின் லிசார்ட் முனையருகே ஆர்மடா தென்பட்டது உண்மை. ஆனால் அது நிற்காமல் கிழக்கே போய்விட்டது. தோற்றுத் திரும்பும்போது பல கப்பல்கள் சிதறியது அயர்லாந்தின் மேற்குக் கரையில். 1595-இல் ஸ்பானியர் கார்ன்வாலின் மவுஸ்ஹோல், பென்சான்ஸ் ஊர்களைக் கொளுத்தினார்கள். ஆனால் குடியேறவில்லை, சீக்கிரமே கப்பலேறிவிட்டார்கள்.

சரி, பெயர் எங்கிருந்து வந்தது? யாக்கோபு என்ற பைபிள் பெயருக்கு, கார்ன்வாலின் சொந்த மொழியான கார்னிஷில் உள்ள வடிவம் அது. அதன் உறவு மொழியான, வேல்ஸ் நாட்டின் வெல்ஷில் ‘யாகோ’. ஆர்மடாவுக்கு 600 ஆண்டுகளுக்கு முன்பே, 10-ஆம் நூற்றாண்டில், வேல்ஸின் க்வினெத் நாட்டை யாகோ அப் இத்வால் என்ற அரசர் ஆண்டிருக்கிறார். சாந்தியாகோவுக்கும் மூலம் அதே யாக்கோபுதான். ஒலி ஒத்துப்போவது அதனால்தான்.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியோடு கார்னிஷ் பேச்சுவழக்கு ஓய்ந்தது. அந்த மொழி மிச்சம் வைத்த பெயர்களில் ஒன்றை வேறு நாட்டுக்குத் தூக்கிக் கொடுப்பது அநியாயம்.