சிபாப் மிஷின் ஆக்ஸிஜன் தருவதில்லை

தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறவர்கள் இரவில் மாஸ்க்கோடு போட்டுக்கொள்ளும் சிபாப் (CPAP) மிஷினை, மூச்சு முட்டுகிறது என்று கணவர் மறுக்கிறார், என்ன செய்வது என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அதற்கு, "மாஸ்க் வழியாக ஆக்ஸிஜன் வருகிறது, பழகிவிட்டால் நுரையீரல் சோம்பேறியாகிவிடும், கணவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்" என்று ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். இது தவறு, ஆபத்தும்கூட. அந்த மிஷின் தருவது அறைக் காற்றையேதான், கொஞ்சம் அழுத்தத்தோடு. தூக்கத்தில் தளர்ந்து மூடிக்கொள்ளும் தொண்டையை அந்த அழுத்தம் திறந்து வைக்கிறது. மூச்சை இழுத்து விடுவது மாஸ்க் போட்டிருப்பவரேதான். 1981-இல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் குழு வெளியிட்ட முறை இது. நுரையீரல் இதனால் பலவீனமாவதில்லை.

கேள்வி கேட்ட சகோதரிக்கு: மூச்சு முட்டுகிறது என்று உங்கள் கணவர் சொல்வது பொய்யில்லை, ஆரம்பத்தில் பலருக்கும் அப்படித்தான். சாயங்காலம் டிவி பார்க்கும்போது மாஸ்க்கைக் கையில் பிடித்தபடி முகத்தில் வைத்துப் பழகட்டும். அப்புறம் பட்டையை மாட்டி, மிஷினை ஓடவிடலாம். குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏறும் ராம்ப் வசதி பெரும்பாலான மிஷின்களில் உண்டு. காற்று கசிந்தால் பட்டையை இறுக்காதீர்கள், பல சமயம் கசிவு கூடத்தான் செய்யும். படுத்த நிலையில், காற்று ஓடும்போதே மாஸ்க்கைச் சரிசெய்யுங்கள். தாடியாலும் கசியும்.

நாங்கள் இருக்கும் டெல்லியில் ஜனவரிக் குளிரில் குழாய்க்குள் நீர் கோத்து முகத்தில் தெறிக்கும். மிஷினைக் கட்டிலைவிடத் தாழ்வாக வைத்து, குழாய்க்கு ஒரு துணி உறை போடுங்கள். இந்த ஊர்த் தூசிக்கு ஃபில்டரையும் அடிக்கடி பாருங்கள்.

இதற்குப் பிறகும் முட்டினால், நீங்களாக அழுத்தத்தை மாற்றாமல் மருத்துவரிடம் போங்கள். மூக்கில் மட்டும் பொருந்தும் சின்ன மாஸ்க்கும் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.