திரும்பி வந்த பெட்டி

எங்கள் மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுக்கப் போன கூட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நாலு நாளாகியும் மனசு ஆறவில்லை. பேசாமல் இருந்துவிட்டால் ஒருவர் மேடையில் சொன்னதை நானும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு எல்லாம் தெரியும். வராதவர்களுக்கும் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். நாங்கள் கொண்டுபோனது மூன்று பெட்டி. கடந்தகால வினாத்தாள் ஒரு பெட்டி, அப்பியாசக் கொப்பி ஒரு பெட்டி, இளையோர் நாவல்கள் ஒரு பெட்டி. முதல் இரண்டுக்கும் கைதட்டினார்கள். மூன்றாவது பெட்டியிலிருந்து அவர் ஒரு புத்தகத்தை எடுத்து, முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, மைக்கிலேயே கேட்டார்: "லயத்துப் புள்ளைகளுக்கு இந்த வெள்ளக்காரன் கதையெல்லாம் எதுக்கு டீச்சர்? ஓ.எல். பாஸ் பண்ண ஒதவுற மாதிரி ஏதாவது கொண்டு வாங்க." (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்தான் லயம், ஓ.எல். சாதாரண தரப் பொதுப் பரீட்சை.) எல்லாரும் சிரித்தார்கள். அதுவரை அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளும், பெரியவர்கள் சிரிக்கிறார்களே என்று சேர்ந்து சிரித்தார்கள். பெட்டி எங்களோடு திரும்பி வந்துவிட்டது. இப்போது என் வீட்டு இஸ்தோப்பில், முன் விறாந்தையில், இருக்கிறது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பதினாலு வயதுப் பிள்ளைக்குப் பதினாலு வயதுப் பிள்ளையின் கதை வேண்டும். நரியும் காகமும் அந்த வயதுக்குப் போதாது. பெரியவர்களுக்கு எழுதிய நாவலில் அந்த வயதுப் பிள்ளை யாரோ ஒருவரின் மகளாக, தங்கச்சியாக, ஒரு ஓரத்தில் வந்து தேத்தண்ணி கொடுத்துவிட்டுப் போய்விடும். நடுவில் இருக்கிற அந்த நாலைந்து வருடத்தில்தான் நம் பிள்ளைகள் வாசிப்பைக் கைவிடுகிறார்கள். ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் வரை கதை கேட்ட பிள்ளை, ஏழாம் எட்டாம் ஆண்டுக்கு வந்ததும் கதையே இல்லாத பிள்ளையாகிவிடுகிறது. அந்த இடத்தை நிரப்பத்தான் அந்தப் பெட்டி.

அதில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை. இங்கே சொல்கிறேன்.

அவர் கையில் எடுத்துப் புரட்டியது 'தி ஹேட் யூ கிவ்'. 2017ல் வந்தது. எழுதிய ஆஞ்சி தாமஸ் வெள்ளைக்காரர் இல்லை, அமெரிக்காவின் மிசிசிப்பியில் வளர்ந்த கறுப்பினப் பெண். கதையில் ஸ்டார் என்று பதினாறு வயதுப் பெண். சின்ன வயதிலிருந்து கூட விளையாடிய நண்பனை ஒரு பொலிஸ்காரர் கண்முன்னால் சுட்டுக் கொல்கிறார். அவன் கையில் ஆயுதம் எதுவும் இல்லை. பார்த்த ஒரே சாட்சி அவள்தான். வாயைத் திறப்பதா மூடிக்கொள்வதா என்பதுதான் நாவல்.

ஆனால் என்னை அழ வைத்தது வேறு இடம். ஸ்டார் ஏழைகள் வாழும் பகுதியில் இருந்து வசதியான பிள்ளைகள் படிக்கிற பாடசாலைக்குப் போகிறாள். வீட்டில் ஒரு ஸ்டார், பாடசாலையில் ஒரு ஸ்டார். அங்கே பேச்சை மாற்றிக்கொள்கிறாள், கோபத்தை விழுங்கிக்கொள்கிறாள், வீட்டைப் பற்றி வாயைத் திறக்க மாட்டாள்.

ஒன்பதாம் ஆண்டில் நான் தோட்டத்துப் பாடசாலையை விட்டு டவுன் பாடசாலைக்குப் போனேன். விலாசம் கேட்டால் தோட்டத்து டிவிசன் பெயரைச் சொல்ல மாட்டேன், டவுன் பெயரை மட்டும் சொல்வேன். பின்னேரம் பஸ்ஸில் இரண்டு ஹோல்ட் முன்னாலேயே இறங்கி நடப்பேன், கூடப் படித்தவர்கள் நான் லயத்துப் பக்கம் திரும்புவதைப் பார்த்துவிடக் கூடாது என்று. ஒருநாள் வகுப்பில் ஒரு ஆசிரியர் என் கொப்பியில் ஒட்டியிருந்த மண்ணைக் காட்டி, "தோட்டத்து வாசம் இன்னும் போகல" என்றார். அம்மா கொழுந்து மலையிலிருந்து வந்த கையோடு எனக்காகத் தேடி எடுத்து வைத்த கொப்பி அது. அன்றைக்கு ராத்திரி அம்மாவோடு நான் பேசவில்லை. ஏன் என்று அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

முப்பது வயதுக்கு மேல் அந்த நாவலைப் படித்தபோதுதான், இது எனக்கு மட்டும் நடந்த அவமானம் இல்லை என்று விளங்கியது. பதினாலு வயதில் யாராவது அப்படி ஒரு புத்தகத்தை என் கையில் கொடுத்திருந்தால் அந்த இரண்டு ஹோல்ட்டும் நடந்திருக்க மாட்டேன். இதைத்தான் மேடையில் சொல்ல நினைத்தேன். சிரிப்புச் சத்தத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது.

அடுத்தது 'ஓல் மை ரேஜ்'. சபா தாஹிர் எழுதியது. 2022ல் அமெரிக்காவின் தேசிய நூல் விருதை இளையோர் பிரிவில் வாங்கியது. அந்த அம்மாவின் குடும்பம் பாகிஸ்தானில் இருந்து போனது, பாலைவனத்து ஊரில் பெற்றோர் நடத்திய மோட்டலில் வளர்ந்தவர். கதையிலும் அப்படி ஒரு மோட்டல் இருக்கிறது. ஸல் என்ற பையனுக்கு நோயாளி அம்மா, குடியை விட முடியாத அப்பா. அவனுடைய தோழி நூர் மேலே படிக்க வேண்டும் என்று துடிக்கிறாள். வளர்க்கிற மாமா, கடையில் வந்து நில் என்கிறார். அது சாராயக் கடை.

இதில் எது வெள்ளைக்காரன் கதை? குடிக்கிற அப்பாவையும், படித்தது போதும் கடைக்குப் போ என்கிற வார்த்தையையும் நம் லயங்களில் நான் விளக்கிச் சொல்ல வேண்டுமா? கோயில் மண்டபத்தில் நடத்தும் எங்கள் சனிக்கிழமை வாசிப்புக்கு வந்த பிள்ளைகளில் ஒருத்தி இந்தப் புத்தகத்தை இரண்டு தரம் படித்தாள். ஓ.எல். எழுதியதும் கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். பெட்டியில் இருப்பது அதற்குப் பிறகு வாங்கிய பிரதி.

சரி, எல்லாமே அழுகைக் கதையா என்று கேட்பீர்கள். இல்லை. துப்பறியும் கதை வேண்டுமா, ஹோலி ஜாக்சனின் 'எ குட் கேர்ள்ஸ் கைட் டு மேர்டர்' இருக்கிறது, 2019. ஐந்து வருடத்துக்கு முன்னால் முடித்து மூடிய ஒரு கொலைக் கேஸை, பிப் என்ற மாணவி பாடசாலைச் செயற்திட்டம் என்ற பெயரில் மறுபடி திறக்கிறாள். கொலைகாரன் என்று ஊரே முடிவு கட்டியது ஸல் சிங் என்ற பையனை. இந்தியப் பெயர் உள்ள ஒரு குடும்பத்தின்மேல் ஊர் எப்படி ஒரு பழியைப் போட்டு நிம்மதியாகத் தூங்குகிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். எங்கள் பிள்ளைகள் அதிகம் போட்டி போட்டது இந்தப் புத்தகத்துக்குத்தான்.

விஞ்ஞானக் கதை பிடித்தால் நீல் ஷுஸ்டர்மனின் 'ஸைத்', 2016. மரணத்தையே ஒழித்துவிட்ட ஒரு காலம். சனத்தொகை பெருகாமல் இருக்க, யார் சாக வேண்டும் என்று முடிவு செய்து கொல்வதற்கென்றே ஆட்களை நியமித்திருக்கிறார்கள். அந்த வேலைக்குப் பழக்க இரண்டு பிள்ளைகளைப் பிடிக்கிறார்கள். இருவருக்குமே அந்த வேலை பிடிக்கவில்லை. படித்து முடித்த அன்றைக்கு மண்டபத்தில் நடந்த வாக்குவாதம், எந்தப் பட்டிமன்றத்திலும் நான் கேட்காதது.

மந்திரக் கதை என்றால் டோமி அடெயெமியின் 'சில்ட்ரன் ஒஃப் பிளட் அண்ட் போன்', 2018. மேற்கு ஆப்பிரிக்க யொரூபா நம்பிக்கைகளில் இருந்து பிறந்த உலகம். வெள்ளை முடியோடு பிறந்த பிள்ளைகளை அங்கே ஒரு கேவலமான சொல்லால் கூப்பிடுவார்கள், புழு என்று. அந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தினேன். ஒரு பையன் மெதுவாக, "நம்மள தோட்டக்காட்டான்னு சொல்ற மாதிரியா டீச்சர்?" என்றான். நான் எந்த விளக்கமும் கொடுக்கவில்லை. அவனே கண்டுபிடித்தான்.

இங்கிலீஷ் விளங்குமா என்பார்கள். நியாயமான கேள்வி. எல்லாருக்கும் விளங்காது. நான் ஒரு பக்கம் வாசித்து ஒரு பக்கம் தமிழில் சொல்வேன், அப்புறம் அவர்களே தட்டுத்தடுமாறி வாசிப்பார்கள். தொடங்குவதற்கு ஜேசன் ரெனோல்ட்ஸின் 'லோங் வே டவுன்' போல நல்லது எதுவும் இல்லை. முழுதும் கவிதை வரிகள், சில பக்கத்தில் பத்துச் சொல்கூடக் கிடையாது. அண்ணனைச் சுட்டவனைப் பழிவாங்கத் துப்பாக்கியோடு லிஃப்டில் இறங்குகிறான் பதினைந்து வயது வில். ஒவ்வொரு மாடியிலும் செத்துப்போன ஒருவர் ஏறுகிறார். லிஃப்ட் கீழே வந்து சேர அறுபது வினாடி. அந்த அறுபது வினாடிதான் முழுப் புத்தகமும். இங்கிலீஷ் பாடத்தில் தலையே நிமிராத ஒரு பையன் இரண்டு சனிக்கிழமையில் முடித்தான். அவன் முழுதாக முடித்த முதல் இங்கிலீஷ் புத்தகம் அதுதான்.

தமிழில் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வயதுக்கு யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. உடம்பை யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்பதை ஒரு மரப்பாச்சி பொம்மையை வைத்துப் பயமுறுத்தாமல் சொல்கிறது. அம்மாமார் கொழுந்து எடுக்கப் போக, பிள்ளைகள் தனியாக இருக்கிற நம் வீடுகளில் இது கட்டாயம் இருக்க வேண்டும். உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடிக்குக் கூட்டிப் போகும், 2023ல் சாகித்திய அகாதெமியின் பால புரஸ்கார் வாங்கியது. இரண்டுமே தமிழ்நாட்டுப் புத்தகங்கள். பதினைந்து பதினாறு வயதுக்குத் தமிழில் தேடினால் கைக்கு அகப்படுவது மிகக் குறைவு. அதனால்தான் இங்கிலீஷுக்குப் போனேனே தவிர, வெள்ளைக்காரன்மேல் எனக்கு எந்த மோகமும் இல்லை.

பரீட்சை முக்கியம் இல்லையா என்றும் கேட்பார்கள். முக்கியம். ஓ.எல். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, எங்கள் லயத்தில் அதைத் தாண்டிய முதல் பெண் நான்தான். வினாத்தாள் பெட்டியும் நாங்கள் காசு சேர்த்து வாங்கிக் கொடுத்ததுதான், அதை மறந்துவிட வேண்டாம். பரீட்சையிலும் பந்தியைக் கொடுத்து வாசித்து விளங்கி எழுதத்தானே சொல்கிறார்கள், வாசிக்காத பிள்ளை எதை விளங்கும் என்று நான் வாதாடலாம். ஆனால் அப்படி வாதாட எனக்குப் பிடிக்கவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளை கதைப் புத்தகம் படித்தால் அறிவு வளர்கிறது என்பார்கள். நம் பிள்ளை அதே புத்தகத்தைத் தொட்டால் மட்டும் எதுக்கு என்று கேட்பார்கள். அந்த "எதுக்கு" எனக்குப் பழக்கமான சொல். 1948ல் நம் பிரஜாவுரிமையைப் பிடுங்கியபோதும், ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்தை 2021 வரை இழுத்தபோதும், இவர்களுக்கு எதுக்கு என்ற நினைப்புத்தான் பின்னால் இருந்தது. வெளியார் கேட்டால் சண்டை பிடிக்கிறோம். நம்மில் ஒருத்தர், அதே லயத்தில் பிறந்து படித்து மேலே போனவர், நம் பிள்ளைகள் முன்னால் மைக்கில் கேட்டால் யாரோடு சண்டை பிடிப்பது?

காதல், கொலை, போதை எல்லாம் இருக்கிறதே என்று ஒரு அக்கா தனியாகக் கேட்டார். அவர் அக்கறையோடு கேட்டார், அதனால் பதில் சொல்கிறேன். ஆமாம், இருக்கிறது. எல்லாப் புத்தகத்தையும் எல்லாருக்கும் கொடுக்க மாட்டேன். 'ஓல் மை ரேஜ்' பதினாறு ஆகாமல் கொடுப்பதில்லை. கொடுக்கும் முன் அம்மாவிடமோ அக்காவிடமோ ஒரு வார்த்தை சொல்வேன். ஆனால் போதை நம் ஊருக்குப் புத்தகத்தில் ஏறி வரவில்லை. அது வந்த வழி எல்லாருக்கும் தெரியும், யாரும் மைக் பிடித்துப் பேசவில்லை.

மலையகத்துக்கு எழுத்தாளர்களே இல்லையா, அவர்களைக் கொடுக்கலாமே என்பதையும் கேட்டுவிட்டேன். சி.வி. வேலுப்பிள்ளையும் தெளிவத்தை ஜோசப்பும் என் அலுமாரியில் இருக்கிறார்கள், மூத்த பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன். ஆனால் அவை பெரியவர்களின் கதைகள். 2023ல் நாம் இந்தியாவில் இருந்து வந்து இருநூறு வருடம் என்று தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்தோமே, அந்த நடையில் பதினைந்து வயதுப் பிள்ளைகளையும் பார்த்தேன். இப்போது, போனும் கையுமாக, பிள்ளைக்காம்பராவில், தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்தில், வளர்ந்து டவுன் பாடசாலைக்கு பஸ் ஏறுகிற அந்தப் பிள்ளையை நடுவில் வைத்து ஒரு நாவல் இன்னும் என் கைக்கு வரவில்லை. அப்படி ஒன்று கிடைத்தால் மற்ற எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டு முதலில் அதைத்தான் வாசித்துக் காட்டுவேன். எழுதப் போகிறவர் இந்தப் பிள்ளைகளில் ஒருவராகத்தான் இருப்பார். அவர் எதைப் படித்து எழுதப் பழகுவார்? கடந்தகால வினாத்தாளையா?

எனக்குக் கோபம் வந்துவிட்டது, தெரிகிறது. இருக்கட்டும்.

அம்மா பள்ளிக்கூடம் பார்க்காதவர். நான் டவுன் நூலகத்தில் எடுத்து வருகிற கதையைக் குப்பி லாம்பு வெளிச்சத்தில் வாசிக்கும்போது, அடுப்பில் ரொட்டியைப் போட்டுக்கொண்டே கேட்பார். மறுநாள் விடியப் பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, போக வேண்டும், ஆனாலும் லாம்பை அணை என்று ஒருநாளும் சொன்னதில்லை. எண்ணெய் தீர்ந்து தானாக அணைந்தால், "அந்தப் புள்ள வீட்டுக்குப் போய்ச் சேந்திருச்சா இல்லையா, அத மட்டும் சொல்லிட்டுப் படு" என்பார். இந்தக் கதை எதுக்கு என்று அவர் கேட்டதே இல்லை.

பெட்டி இந்தச் சனிக்கிழமை கோயில் மண்டபத்துக்கு வருகிறது, காலை ஒன்பதரைக்கு. எந்தத் தோட்டத்துப் பிள்ளையும் வரலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு புத்தகம், காசு கிடையாது. மழையில் கொண்டுபோக ஒரு பொலித்தீன் பை மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு உதவி. பிப்பின் கதைக்கு இரண்டாம் பாகம் இருக்கிறது, 'குட் கேர்ள், பேட் பிளட்'. 2022ல் ரூபாய் விழுந்த பிறகு புதுப் புத்தகம் வாங்க என்னால் முடியவில்லை. கொழும்பு மருதானைப் பக்கம் பழைய புத்தகக் கடைகளுக்குப் போகிறவர்கள் கண்ணில் பட்டால் எடுத்து வையுங்கள், காசு தந்துவிடுகிறேன். பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி மூன்று வாரமாக வாசலில் வந்து நின்று கேட்டுவிட்டுப் போகிறாள்.