பலூன் எந்த வழியாக வந்தது?

பசிபிக் கடலில் இருக்கும் மார்ஷல் தீவுகளில் விமானத்தைப் 'பலூன்' என்பார்கள். தலைநகர் மஜூரோவில் ஜெட் வந்து இறங்கினாலும் அது பலூன்தான்.

1885 முதல் 1914 வரை ஜெர்மன் ஆட்சி நடந்த இடம், அதனால் ஜெர்மன் சொல்லாக இருக்கும் என்று முடிவுகட்டத் தோன்றும். எனக்கு இந்த முறையே பிடிக்காது. யார் ஆண்டார்கள் என்பதை வைத்துச் சொல்லுக்குத் தகப்பன் பெயர் எழுத முடியாது. முதலில் ஒலியைப் பார்க்க வேண்டும்.

ஜெர்மன்காரர் வாயில் இது 'பலோங்' அல்லது 'பலோன்'. தீவுக்காரர்களின் மொழியான மார்ஷலீஸில் 'ங்' ஒலி இருக்கிறது, சொல்லின் இறுதியிலும் வரும். பலோங் வந்திருந்தால் அந்த 'ங்' தொலைந்துபோகக் காரணமே இல்லை. 'ஓ' எப்படி 'ஊ' ஆனது என்பதற்கும் பதில் இல்லை. ஆங்கில 'பலூன்'தான் வந்தது என்றால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. ஆங்கிலத்தின் 'ஊ' அங்கே ஊவாகவே நிற்பதற்கு வேறு சாட்சிகள் உண்டு: ஸ்கூல் அங்கே 'ஜிகூல்', ஜூன் மாதம் 'ஜூன்'.

எழுத்தைப் பார்த்து ஏமாறுவது இன்னொரு தவறு. அவர்கள் இதை ரோமன் 'b' போட்டு எழுதுகிறார்கள். ஆனால் அது ஆங்கில 'b' அல்ல. நாக்கின் பின்புறத்தை உயர்த்திச் சொல்லும் ஒருவகை 'ப்'. ஆங்கில p, b போல அதிராத ஒலி, அதிரும் ஒலி என்று பொருள் பிரிக்கும் வழக்கமே அந்த மொழியில் கிடையாது. (நம் எழுத்திலும் அந்தப் பிரிவு இல்லை, நாமும் அதே ஆங்கிலச் சொல்லை வாங்கிப் பலூன் என்றுதான் எழுதுகிறோம்.)

ஆங்கிலம் அங்கே போக, இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா அந்தத் தீவுகளைக் கைப்பற்றும்வரை காத்திருக்கவில்லை. 1857-இலேயே அமெரிக்க மிஷனரிகள் அங்குள்ள எபோன் தீவில் இறங்கிவிட்டார்கள்.

எப்போது நுழைந்தது? இங்கே ஒலி உதவாது, பொருள் உதவும். 1914 முதல் இரண்டாம் உலகப்போர் வரை ஜப்பான் ஆட்சி. விமானத்துக்கான ஜப்பானியச் சொல் 'ஹிகோகி'. அதே ஆட்சியில் இருந்த பலாவ் தீவு மக்கள் அதை 'ஸ்கோகி' என்று எடுத்துக்கொண்டார்கள். மார்ஷல்காரர்களும் ஜப்பானிய மொழியிடம் கைநீட்டாதவர்கள் அல்ல: உலாவுவதற்கு 'ஜாம்போ', கைவினைப் பொருளுக்கு 'அமிமோனோ' எல்லாம் அங்கிருந்து வந்தவை. ஆனாலும் விமானம் பலூனாகவே இருக்கிறது. போருக்குப் பின் வந்த அமெரிக்கர்களிடம் கற்றிருந்தால் 'பிளேன்' அல்லவா ஒட்டியிருக்கும்? வானத்தில் மனிதனைத் தூக்கிப்போகும் பொருள் என்றால் பலூன்தான் என்றிருந்த காலத்தில் சொல் வந்து, பிறகு விமானம் அந்தப் பெயரில் ஏறிக்கொண்டது என்பது என் கணிப்பு.

ஆங்கிலத்திலும் அது சொந்தச் சரக்கு இல்லை. பெரிய காற்றுப் பந்தைக் குறித்த இத்தாலிய, பிரெஞ்சுச் சொல் அது. 1783-இல் மோன்கோல்ஃபியே சகோதரர்கள் பாரிஸில் ஆளை ஏற்றிப் பறக்கவிட்ட பிறகுதான் வானத்துக்கே உரிய சொல்லாயிற்று.