பொருளுக்கு முதலில் ஒரு வேலை இருக்கட்டும்

சிறுவர் கதையில் ஒரே பொருளைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தால் கதைக்கு ஆழம் கூடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பொருள் வெறும் குறியீடாக வந்து நின்றால் குழந்தைகளிடம் எடுபடாது. முதலில் அதற்குக் கதையில் ஒரு வேலை வேண்டும்.

இருட்டுக்குப் பயப்படும் பையனிடம் அண்ணனின் பழைய டார்ச் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தட்டு தட்டினால்தான் எரியும். முதல் தடவை தட்டும்போது கை நடுங்குகிறது. நடுவில் அண்ணன்மேல் கோபம். ஓங்கித் தட்டியதில் கண்ணாடி விரிசல் விடுகிறது. கடைசியில், பயந்துபோன தங்கைக்கு எப்படித் தட்ட வேண்டும் என்று அவனே சொல்லிக்கொடுக்கிறான். வரும் ஒவ்வொரு முறையும் இப்படி ஏதாவது மாற வேண்டும். சும்மா தலைகாட்டிவிட்டுப் போனால் அது அலங்காரம்தான்.

அப்புறம், தயவுசெய்து 'அந்த டார்ச் அவனுக்குத் தைரியம் தந்தது' என்று எழுதிவிடாதீர்கள். பிடித்த கதையைப் பிள்ளைகள் சலிக்காமல் மறுபடி மறுபடி கேட்பார்கள். விரிசலை அவர்களே கண்டுபிடிப்பார்கள். படக்கதை என்றால் இன்னும் வசதி, டார்ச்சைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் ஓவியரிடமே விட்டுவிடலாம்.