புள்ளி போட்டு ஆடிய கோல்ஃப்

டைகர் வுட்ஸ் ஆட வரவில்லை, அதனால்தான் 'தி இன்டர்நேஷனல்' என்ற கோல்ஃப் போட்டி நின்றுபோனது என்று கோல்ஃப் பார்க்கிறவர்கள் சொல்வதுண்டு. எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

அமெரிக்காவின் கொலராடோவில், டென்வருக்குத் தெற்கே காசில் பைன்ஸ், அங்கேதான் அது நடந்தது. மைதானத்தை வடிவமைத்தவர் கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லஸ். எண்ணெய்த் தொழிலதிபர் ஜாக் விக்கர்ஸ் 1986-இல் அங்கே இதை பிஜிஏ டூர் (அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் தொடர்) போட்டியாகத் தொடங்கினார். 6,000 அடிக்கு மேல் உயரம் என்பதால் பந்து கூடுதல் தூரம் பறக்கும். மத்தியானம் ஆனால் இடி மின்னல் வந்து ஆட்டத்தை நிறுத்திவிடும். அங்கே கிடைக்கும் மில்க்‌ஷேக்குக்கு ஆட்டக்காரர்களிடம் தனி மவுசு!

எனக்குப் பிடித்தது அதன் கணக்குமுறைதான். மற்ற வாரப் போட்டிகளில் பந்தை எத்தனை முறை அடித்தார்கள் என்று எண்ணுவார்கள், குறைவாக அடித்தவர் ஜெயிப்பார். இங்கே புள்ளி. ஒவ்வொரு குழியையும் இத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு, அதுதான் பார். அதில் ஓர் அடி குறைத்தால் பர்டி, இரண்டு குறைத்தால் ஈகிள், மூன்று குறைத்தால் ஆல்பட்ராஸ்; ஓர் அடி கூடினால் போகி, இரண்டு கூடினால் டபுள் போகி. பர்டிக்கு 2, ஈகிளுக்கு 5, ஆல்பட்ராஸ் விழுந்தால் 8. பார் எடுத்தால் ஒன்றும் கிடையாது. போகிக்கு ஒன்று போகும், டபுள் போகியோ அதைவிட மோசமோ ஆனால் மூன்று போகும். ஸ்டேபிள்ஃபோர்டு என்ற ஆங்கிலேய டாக்டர் கண்டுபிடித்த முறையைக் கொஞ்சம் மாற்றியது இது.

நாலு குழியில் இரண்டு பர்டி, இரண்டு போகி என்றால் வழக்கமான கணக்கில் நாலு பார் எடுத்தவரும் நீங்களும் சமம். இங்கே நீங்கள் 2 புள்ளி முன்னால். தண்ணீரில் அடித்துத் தொலைத்தாலும் மூன்றோடு சரி. அப்புறம் யார் பயந்து ஆடுவார்கள்?

2002 கடைசி நாள் இதற்குச் சாட்சி. ரிச் பீம் முன்னிலையில் இருந்தார். ஸ்டீவ் லோவரி 17-ஆவது குழியில் இரண்டாவது அடியையே குழிக்குள் அனுப்பினார். ஆல்பட்ராஸ், ஒரே குழியில் 8 புள்ளி! 18-இல் ஒரு பர்டி போட்டிருந்தால் கோப்பை அவருக்கு. குழியை நோக்கி உருட்டிவிட்ட பந்து தவறியது. 44-க்கு 43, பீம் ஜெயித்தார். அதே மாதம் பிஜிஏ சாம்பியன்ஷிப் என்ற பெரிய போட்டியில் டைகரையே ஓர் அடியில் முந்தினார்.

டைகர் இங்கே ஆடியது 1998, 1999 இரண்டு முறைதான். அவர் இல்லாவிட்டால் டிவி கூட்டம் குறையும், ஸ்பான்சர் யோசிப்பார், எல்லாம் உண்மை. 2006-இல் டீன் வில்சன் ஜெயித்ததுதான் கடைசி. டைட்டில் ஸ்பான்சர் கிடைக்காமல் 2007 பிப்ரவரியில் விக்கர்ஸ் கைவிட்டார். காலியான ஜூலை வாரத்தில் வந்தது எது தெரியுமா? டைகரே முன்னின்று நடத்திய புதுப் போட்டி, வாஷிங்டன் பக்கத்தில். ஆத்திரம் வரத்தான் செய்யும்.

ஆனாலும் எந்த வாரம் எங்கே ஆடுவது என்பது ஓர் ஆட்டக்காரரின் சொந்த முடிவு. இருபது வருடம் நடந்த ஒரு போட்டியை ஒரே ஆளின் வருகையை நம்பி நிற்கும்படி வைத்திருந்த டூரைத்தான் நான் குறை சொல்வேன். வாராவாரம் ஒரே மாதிரி ஆட்டம் நடக்கும் அட்டவணையில் வித்தியாசமாக இருந்த ஒன்றை, ஸ்பான்சர் வரும்வரை ஓரிரு வருடமாவது அவர்கள் தாங்கியிருக்கலாம்.

புள்ளிமுறை 2012-இல் அமெரிக்காவின் ரீனோ நகரப் போட்டியில் திரும்பி வந்தது, பின்னால் அதன் பெயர் பாரகுடா சாம்பியன்ஷிப் ஆனது. 2022 முதல் சில ஆண்டுகள் அதை பிரிட்டிஷ் ஓப்பன் என்ற பெரும் போட்டி நடக்கும் அதே வாரத்தில் வைத்தார்கள். யார் பார்ப்பார்கள்? நான் பார்த்தேன்.