ஃப்ரேம்வொர்க்கில் இடம் கிடைத்தால் வேலை உறுதி என்பது தவறு

"ஃப்ரேம்வொர்க் பட்டியலில் ஒரு ஆலோசனை நிறுவனம் நுழைந்துவிட்டால், நான்கு வருடத்துக்குப் போட்டியே இல்லாமல் கவுன்சில் அவர்களுக்கு வேலை கொடுத்தாக வேண்டும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். ஃப்ரேம்வொர்க் என்பது, பின்னால் வரும் வேலைகளுக்காகக் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) போன்ற பொது அமைப்புகள் முன்கூட்டியே நிறுவனங்களைத் தேர்ந்து வைத்துக்கொள்ளும் ஒப்பந்த ஏற்பாடு. இங்கிலாந்தில் நடைமுறை அவர் சொல்வதுபோல் இல்லை.

அந்தப் பட்டியலே டெண்டர் மூலம்தான் உருவாகிறது. அதில் இடம் பிடிப்பது தகுதி மட்டும்தான், வேலைக்கு உத்தரவாதம் அல்ல. ஒவ்வொரு மறுசீரமைப்புத் திட்டத்துக்கும் பெரும்பாலும் பட்டியலில் உள்ளவர்களுக்கிடையே மறுபடி ஒரு சிறிய போட்டி நடக்கும். நேரடியாகக் கொடுக்க வேண்டுமென்றால், அதற்கான விதி ஃப்ரேம்வொர்க்கிலேயே இருக்க வேண்டும். கவுன்சில் பொதுவாக வெளியே தனி டெண்டர் விடவும் முடியும். ஒரு வேலைகூடக் கிடைக்காமல் காலம் முடிந்துபோகிற நிறுவனங்களும் உண்டு.

நான்கு வருடம் என்பது பொதுவான வரம்புதான், அது சரி. ஆனால் 2025 பிப்ரவரி 24 முதல் நடைமுறையில் உள்ள கொள்முதல் சட்டப்படி, 8 வருடம் வரை நீளும் திறந்த ஃப்ரேம்வொர்க்கும் உண்டு. அதை இடையில் புதியவர்களுக்குத் திறந்தே ஆக வேண்டும்.

நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கட்டட வடிவமைப்பு, கட்டமைப்புப் பொறியியல், செலவு மதிப்பீடு எல்லாம் ஒரே நிறுவனத்திடம் போனால் பொறுப்பு ஒரே இடத்தில் இருக்கும், அது நல்லதுதான். அப்புறம் அந்த வடிவமைப்பின் செலவைத் தனியாக நின்று சரிபார்ப்பது யார்? உங்கள் கவுன்சிலரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.