பொலிவியா ஒன்றும் 'சீப்பான நாடு' இல்லை

தென் அமெரிக்காவில் இருக்கிற பொலிவியாவுக்குப் போய் ஊர் திரும்பி மூன்று வாரமாகிறது. பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "ரெண்டு பேருக்கும் சேர்த்து எவ்வளவு ஆச்சு?" என்றுதான். தப்பான கேள்வி இல்லை. நானும் கணவரும் மாதச் சம்பளக்காரர்கள். நாலு வருடம் சேர்த்து வைத்துத்தான் ஆளுக்கொரு முதுகுப்பையோடு கிளம்பினோம். ஆனால் தொகையைச் சொன்னதும், "அடேங்கப்பா, அவ்வளவுதானா? அந்தப் பக்கத்துலயே ரொம்ப சீப்பான நாடாமே" என்கிறார்கள். அதைக் கேட்கும்போது எனக்கு மனது ஒப்பவில்லை. யூடியூபைத் திறந்தாலும் இதே பேச்சுதான்: ஒரு நாளைக்கு இத்தனை டாலரில் பொலிவியா, கைக்காசில் பொலிவியா. போவதற்கு முன்னால் நானும் இவற்றைப் பார்த்துத்தான் குறிப்பெடுத்தேன். அதனாலேயே இதை எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

நாங்கள் போனது 2025 ஜூன் கடைசியில். அந்த ஊர்ப் பணம் பொலிவியானோ. அப்போது ஒரு டாலருக்கு 6.96 என்பது, அரசு 2011இலிருந்து அப்படியே நிறுத்தி வைத்திருந்த விலை. ஆனால் எரிவாயு ஏற்றுமதி குறைந்து, கையிருப்பு டாலர் கரைந்து, 2023இலிருந்து வங்கியில் அந்த விலைக்கு டாலர் கிடைக்காமல் போனது. நாங்கள் போனபோது தெருவில் அதற்கு இரண்டு மடங்கு. "கார்டு தேய்க்காதே, கையில் டாலராகக் கொண்டு போ, எல்லாமே பாதி விலை" என்று பயணிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது இதை வைத்துத்தான். நாங்களும் அப்படியே கொண்டுபோனோம். சுக்ரே நகரில் ஒரு சின்னக் கடையில் முதல் தடவை பணம் மாற்றிவிட்டு வெளியே வந்தால், தெருமுனையில் லாரிகள் டீசலுக்கு வரிசையில் நிற்கின்றன. ஒரு ஓட்டுநர் வண்டிக்குள்ளேயே போர்த்திக்கொண்டு படுத்திருந்தார், முந்தின நாள் வந்து நின்றவராம். நாங்கள் தங்கிய வீட்டு அம்மா சமையல் எண்ணெய், அரிசி, கோழி என்று ஒவ்வொன்றாக விரல் மடக்கி, போன வருடம் என்ன விலை, இப்போது என்ன விலை என்று சொல்லிக்கொண்டே போனார். 2022இல் யாழ்ப்பாணத்து சிநேகிதி ஒருத்தி பெட்ரோல் வரிசையில் நின்றுகொண்டே எனக்கு அனுப்பிய குரல் பதிவுகள் நினைவுக்கு வந்தன. பையில் பாதி விலைப் பணத்தை வைத்துக்கொண்டு அந்த அம்மா முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவர்களுடைய கஷ்டம்தான் எங்களுக்குத் தள்ளுபடியாக வந்திருக்கிறது. அதை 'சீப்பான நாடு' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, பயணத்தைச் சொல்கிறேன். சாண்டா குரூஸில் இறங்கி, சுக்ரே, போதோசி, உயுனி, லா பாஸ், டிட்டிகாகா ஏரி. இந்த வரிசையைப் போகிறவர்கள் மாற்றாதீர்கள். சாண்டா குரூஸ் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரம்தான், சுக்ரே 2,800, போதோசி 4,000க்கு மேல். நேராக லா பாஸில் போய் இறங்கினால், விமான நிலையமே 4,000 மீட்டருக்கு மேலே எல் ஆல்தோவில் இருக்கிறது, உடம்பு தாங்காது. படிப்படியாக ஏறியும்கூட போதோசியில் இவருக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. கோகா இலையை வெந்நீரில் போட்டுக் கொடுத்தார்கள். பத்து அடி நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். பதினோரு வருடமாக எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தே பழகிய மனிதர், என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அந்த இரண்டு நாளும் எனக்குப் பிடித்திருந்தது, சொல்லத்தான் வேண்டும்.

சுக்ரே சந்தையில் முதல் நாள் மதியம் 'சோபா தே மானி' என்று ஒரு சூப் கொடுத்தார்கள். மானி என்றால் வேர்க்கடலை. பச்சைக் கடலையை அரைத்துக் கொதிக்கவைத்து, எலும்பும் உருளைக்கிழங்கும் போட்ட வெள்ளைச் சூப். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் யஹுவா. தக்காளியும் லொகோத்தோ என்கிற தடித்த மிளகாயும் சேர்த்துக் கல்லில் அரைத்த துவையல். அந்தக் கல்லைப் பார்க்க வேண்டுமே! கீழே பட்டையான கல், மேலே அரைவட்டக் குழவி. நம் அம்மிபோல இழுத்து அரைப்பதில்லை, குழவியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சாய்த்துச் சாய்த்து ஆட்டுகிறார்கள். அதற்குப் படான் என்று பெயர். ஒரு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நான் திண்டிவனம் பக்கம். எங்கள் ஊரில் வேர்க்கடலையை யாரும் வேர்க்கடலை என்று சொல்ல மாட்டார்கள், மல்லாட்டைதான். மணிலாக் கொட்டை என்பது தேய்ந்து அப்படி ஆனது. பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலாவின் பெயர் அது. ஆனால் அந்தப் பயிர் பிறந்த மண், பொலிவியாவின் தெற்கும் அதை ஒட்டிய அர்ஜென்டினாவும். உருளைக்கிழங்கு ஆண்டிஸ் மலைக்காரர்களுடையது. மிளகாய்க்கும் தாய்வீடு அந்தக் கண்டம்தான். மல்லாட்டை போட்டு மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர் என் அப்பா. அன்று ராத்திரி போனில், "அப்பா, மல்லாட்டையோட சொந்த ஊர்ல இருக்கேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அங்க பயிர் வைக்கிறவனுக்கு மூட்டைக்கு என்னா கிடைக்குதாம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதை யாரிடமும் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. சூப் என்ன விலை என்று மட்டும் எழுதி வைத்திருந்தேன்.

அடுத்து நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும். சுக்ரேயிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் தாராபுகோ. ஞாயிற்றுக்கிழமைதோறும் சந்தை. சுற்றுவட்ட மலைக் கிராமங்களிலிருந்து நெய்த துணிகளைக் கொண்டுவந்து விற்கிறார்கள். தரையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் கறுப்பும் சிவப்பும் ஆரஞ்சுமாக, குதிரையும் பறவையும் நெய்த துணி இருந்தது. 250 பொலிவியானோ என்றார். வீடியோக்களில் 'முதல் விலைக்கு வாங்காதே' என்று கேட்டுக் கேட்டுப் பழகிய வாய் எனக்கு. பத்து நிமிடம் பேசி, எழுந்து போவதுபோல நடித்து, 180க்கு வாங்கினேன். இவர் ஒன்றும் சொல்லாமல் தள்ளி நின்றிருந்தார். மறுநாள் சுக்ரேயில் பூர்வகுடிக் கலை அருங்காட்சியகத்துக்குப் போனோம். அங்கே ஒரு பெண் தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருக்கிறார். பாவு நூல்களை ஒவ்வொன்றாக எலும்புக் குச்சியால் எண்ணித் தூக்கி ஒரு குதிரையின் காதை முடிக்கவே வெகுநேரம் ஆனது. ஒரு நல்ல துணிக்கு வாரக்கணக்கு ஆகும், பெரிதானால் மாதக்கணக்கு என்றார்கள். நான் குறைத்தது 70 பொலிவியானோ. தெரு விலையில் நம் காசுக்கு ஏறக்குறைய நானூறு ரூபாய். திரும்பிப் போய்க் கொடுக்கலாம் என்றால் சந்தை அடுத்த ஞாயிறுதான். அதற்குள் நாங்கள் உயுனியில் இருப்போம்.

போதோசியைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது. எந்தத் தெருவில் நின்றாலும் தெருக்கோடியில் அந்த மலை தெரிகிறது: செர்ரோ ரிகோ, பணக்கார மலை. செம்மண் நிறத்தில் கூம்பு மாதிரி, 4,800 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1545இல் ஸ்பானியர்கள் அங்கே வெள்ளியைக் கண்டார்கள். 1570களில் தொலேதோ என்கிற வைஸ்ராய், மலைக் கிராமங்களின் ஆண்களில் ஏழில் ஒருவர் முறை வைத்துச் சுரங்கத்துக்கு வந்தே தீர வேண்டும் என்று சட்டம் போட்டார். அதன் பெயர் மீத்தா. இருநூறு வருடத்துக்கு மேல் நடந்தது. 1600களின் தொடக்கத்தில் அந்த நகரத்தில் ஒன்றரை லட்சம் பேர், அன்றைக்கு உலகத்தின் பெரிய நகரங்களில் ஒன்று. ஸ்பானிய மொழியில் இன்றும் விலை மதிப்பில்லாத ஒன்றை 'ஒரு போதோசி பெறும்' என்கிறார்கள். அந்த வெள்ளி ஐரோப்பாவுக்கும் மணிலாவுக்கும் போய், சுற்றிச் சுற்றி நம் பக்கமும் வந்தது. சூரத்தில் இறங்கிய ஸ்பானிய வெள்ளிக்காசுகளை உருக்கித்தான் முகலாய நாணயச் சாலைகளில் ரூபாய் அடித்தார்கள்.

மலைக்குள் இன்றும் ஆயிரக்கணக்கானவர்கள் இறங்குகிறார்கள். துத்தநாகம், ஈயம், தகரம், மிச்சம் மீதி வெள்ளி. பயணிகளையும் கூட்டிப்போகிறார்கள். இதில்தான் எங்களுக்குள் சண்டை. மனிதர்கள் நுரையீரல் கெட்டுச் சாகிற இடத்தைக் காசு கொடுத்துப் பார்ப்பது எனக்கு ஆகவில்லை, போகக் கூடாது என்றேன். இவர், "நீ வராட்டி பரவால்ல, நான் போகணும்" என்றார். இவருடைய அப்பா நெய்வேலி சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அதற்கு மேல் நான் பேசவில்லை.

அவர் மலைக்குப் போன நேரத்தில் நான் நாணயச் சாலைக்குப் போனேன். பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டடம், இப்போது அருங்காட்சியகம். வெள்ளிப் பாளத்தைத் தகடாக்க ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்த மரப் பல்சக்கரங்கள் ஆளுயரத்துக்கு மேல் நிற்கின்றன. கீழ்த்தளத்தில் கோவேறு கழுதைகளைப் பூட்டிச் சுற்றவிட்டு அவற்றை ஓட்டியிருக்கிறார்கள். உலகத்துக்கே காசு அடித்துக் கொடுத்த ஊர். இன்றைக்கு பொலிவியாவின் சில்லறைக் காசுகள் வெளிநாட்டில் அடிக்கப்பட்டு வருகின்றன என்று வழிகாட்டிப் பெண் சொன்னார். சட்டைப்பையில் இருந்த ஒரு பொலிவியானோவை எடுத்துப் பார்த்தேன்.

இவர் மதியம் தாண்டி வந்தார். உடம்பெல்லாம் புழுதி. ரொம்ப நேரம் பேசவில்லை. சுரங்கத் தொழிலாளர் சந்தையில் கோகா இலையும் குளிர்பானமும் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறார். உள்ளே 'தியோ', அதாவது மாமா, என்று கொம்பு வைத்த ஒரு மண் உருவம். மேலே மாதா கோயில், கீழே இந்தத் தியோதான் பொறுப்பு. வாயில் சிகரெட் செருகி, கோகா இலை தூவிக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். வெட்டி எடுத்தால் காசு, கிடைக்காவிட்டால் அன்றைக்கு ஒன்றும் இல்லை. ராத்திரி சாப்பிடும்போதுதான் இவர் வாயைத் திறந்தார்: "எங்கப்பாவுக்கு சங்கு ஊதும். ஷிஃப்ட் முடிஞ்சா வீட்டுக்கு வருவாரு. ஆஸ்பத்திரி இருந்துச்சு, குவார்ட்டர்ஸ் இருந்துச்சு. இங்க உள்ள வேலை பார்க்கிற அந்தப் பையனுக்கு என்ன இருக்கு?" உள்ளே இவர் போனை வெளியே எடுக்கவே இல்லை. கூட வந்த நாலு பேர் எல்லாவற்றையும் படம் பிடித்தார்களாம். போகலாமா கூடாதா என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து வரவில்லை. ஆனால் வேலை செய்கிறவன் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாமல் இருக்க முடியாதவர்கள் போக வேண்டாம் என்பதில் இருவருக்கும் சந்தேகம் இல்லை. குடைந்து குடைந்து அந்த மலையின் உச்சியே உள்வாங்கத் தொடங்கி, 2014இல் யுனெஸ்கோ போதோசி நகரத்தை ஆபத்தில் உள்ள பாரம்பரிய இடங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

உயுனி உப்பு வெளியின் படங்களை ஏற்கெனவே போட்டுவிட்டேன். 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் வெறும் வெள்ளை. கண்ணாடி போடாமல் பார்க்க முடியாது. அழகுதான், நான் அழுதுவிட்டேன். எங்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்த ஜீப் ஓட்டுநர் ஒரு இடத்தில் நிறுத்தி, காலால் உப்பைத் தட்டி, "லித்தியம்" என்றார். உலகத்தில் அறியப்பட்ட லித்தியத்தில் கணிசமான பங்கு அந்த உப்புக்கு அடியில் இருக்கிறது. நம் போனுக்கும் பேட்டரி காருக்கும் வேண்டிய பொருள். "அடுத்த போதோசியா?" என்று இவர் கேட்டதை நான் போனில் ஸ்பானியத்துக்கு மாற்றிக் காட்டினேன். படித்துவிட்டுத் தோளை உயர்த்தினார். வண்டியை எடுத்தார்.

லா பாஸில் நான்கு நாள். 2014இலிருந்து ஓடுகிற கேபிள் கார்தான் அங்கே நகரப் பேருந்து. சந்தைக்குப் போகிற பாட்டிமார், பள்ளிப் பிள்ளைகள், அடுக்குப் பாவாடையும் வட்டத் தொப்பியுமாக அய்மாரா பூர்வகுடிப் பெண்கள், எல்லாரும் 3 பொலிவியானோ கொடுத்து மலைமேல் போனார்கள். ஒரு காலத்தில் இதே உடையோடு வந்தால் உணவகங்களில் உள்ளே விட மாட்டார்களாம்.

கடைசியில் டிட்டிகாகா ஏரி. சூரியத் தீவில் நாங்கள் தங்கிய வீட்டுத் தாத்தா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அய்மாரா மொழியில் 'நய்ரா' என்றால் கண், முன்பக்கம், கடந்த காலம். 'கிபா' என்றால் பின்பக்கம், இனி வரப்போவது. நடந்து முடிந்தது கண்ணுக்கு முன்னால் தெரிகிறது, வரப்போவது முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, அதைப் பார்க்க முடியாது என்று கையை முன்னும் பின்னும் காட்டி விளக்கினார். வெளிநாட்டுக்காரர்களுக்கு இது புரியவே புரியாது என்றார். நான் இவரைப் பார்த்தேன், இவர் என்னைப் பார்த்தார். முன்னோர், முன்னாள், முன்னொரு காலத்தில். பின்னாளில், பின்னர், பிற்காலம். நாங்களும் அப்படித்தான் சொல்கிறோம் என்று சொன்னபோது தாத்தா நம்பவில்லை. சொல் சொல்லாக எழுதி அம்புக்குறி போட்டுக் காட்டினோம். பாட்டியைக் கூப்பிட்டு அந்தத் தாளைக் காட்டினார். அன்று ராத்திரி அவித்த சுன்யோ கொஞ்சம் கூடுதலாகவே வைத்தார்கள். இரவுப் பனியில் உறையவைத்து, பகலில் காலால் மிதித்து நீரை எடுத்துக் காயவைக்கிற உருளைக்கிழங்கு வற்றல் அது. வருடக்கணக்கில் கெடாது.

செலவுக் கணக்கு கேட்டு உள்பெட்டியில் எழுதியவர்களுக்கு அனுப்பிவிடுகிறேன். அதோடு சேர்த்து இதையும் செய்யுங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் பத்து நாளுக்கு முன்னாலேயே போட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழ் இல்லாமல் வந்தால் திரும்பும்போது நம் விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள். தங்குகிற இடத்தில் உள்ளூர்க்காரர் வீடாகப் பாருங்கள். டாலர் மாற்றி லாபம் வந்தால், அந்த லாபத்தை அங்கேயே செலவழித்துவிட்டு வாருங்கள். தரையில் துணி விரித்து உட்கார்ந்திருக்கிறவர்களிடம் பேரம் பேசாதீர்கள்.

போன ஞாயிறு திண்டிவனம் போயிருந்தோம். தாராபுகோ துணியை அம்மா மடியில் விரித்து, ஓரத்தைத் திருப்பிப் பார்த்து, குதிரைகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். "இத எத்தன நாளு நெய்ஞ்சாங்களோ" என்றார். அப்புறம், என்ன விலை என்று கேட்டார். 250 என்று சொன்னேன். இவர் அங்கேதான் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.